வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து சுற்றுச்சூழல் பாடம்: முதல் வருடத்தை எப்படித் தொடங்குவது

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் வேறொரு நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து குப்பை, மழை, மரம், பறவை பற்றிப் படித்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் யாரைக் கேட்பது, எதில் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் இதைப் படியுங்கள். நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

எங்கள் முதல் முயற்சி மூன்று மாதத்தில் நின்றுபோனது. தலைப்பு "பருவநிலை மாற்றமும் நாமும்". அப்போது எங்களோடு சேர்ந்த வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது ஸ்லைடு செய்து அனுப்பினார்கள், நாங்களும் செய்து அனுப்பினோம், இரண்டிலும் அதே உருகும் பனிப்பாறை, அதே பனிக்கரடி, இரண்டுமே இணையத்தில் இருந்து எடுத்தவை. இரண்டு முறை வீடியோவில் பேசினோம், கையசைத்தோம், அப்புறம் பேச எதுவும் இல்லை. ஏன் என்று பிறகு யோசித்தபோது புரிந்தது: எங்களிடம் இருந்த எதுவும் அவர்களுக்குப் புதிது இல்லை, அவர்களிடம் இருந்த எதுவும் எங்களுக்குப் புதிது இல்லை. அடுத்த வருடம் வடக்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரப் பள்ளியோடு சேர்ந்தோம். அந்த முறை ஒரே ஒரு வேலைதான் வைத்துக்கொண்டோம், பள்ளியில் ஒரு வாரம் சேரும் குப்பையைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது. அது இன்று வரை தொடர்கிறது. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அதில் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் தலைப்பு, பிறகு பள்ளி

நிறையப் பேர் முதலில் ஒரு வெளிநாட்டுப் பள்ளியைப் பிடித்துவிட்டு, பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தலைப்பைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் இதைத் தங்கள் கையால், ஒரே முறையில், அளக்கவோ எண்ணவோ முடியுமா? முடியாது என்றால் அது முதல் வருடத்துக்கு வேண்டாம்.

குப்பை எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, தராசைத் தவிரப் பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம், அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மழையும் நல்ல தலைப்பு. கழுத்தை வெட்டி எடுத்த, பக்கவாட்டுச் சுவர் நேராக உள்ள ஒரு பாட்டிலும் ஒரு ஸ்கேலும் இருந்தால் மழைமானி தயார். தினமும் காலை 8.30க்கு அளந்தால் நம் வானிலைத் துறையின் கணக்கோடும் ஒப்பிடலாம், அவர்களும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர் தண்ணீர் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பை ஏன் கட்டாயமாக்கினார்கள் என்பதைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை. இன்னொன்று, சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை, பெர்லினுக்கு 600 மி.மீ.க்கும் குறைவு. எங்கள் பிள்ளைகள் யாரும் இதை நம்பவில்லை. அங்கே அந்தக் கொஞ்ச மழை பன்னிரண்டு மாதத்துக்கும் பரவிப் பெய்கிறது, இங்கே ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது என்று அவர்களே கண்டுபிடித்த நாள் மிக நல்ல நாள்.

மூன்றாவது வழி, இரண்டு ஊருக்கும் பொதுவான ஓர் உயிரைப் பிடித்துக்கொள்வது. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிப்பவை, ஆகவே திருநெல்வேலிப் பள்ளியும் மங்கோலியப் பள்ளியும் ஒரே பறவையின் இரண்டு பாதிக் கதையை வைத்திருக்கின்றன. நம் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமை, பசிபிக் கரையில் கோஸ்டா ரிக்காவிலும் கூட்டம் கூட்டமாகக் கரையேறுகிறது. சித்திரையில் பூக்கும் சரக்கொன்றைதான் தாய்லாந்தின் தேசிய மலர். இப்படி ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் எந்த நாட்டுப் பள்ளியைத் தேட வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். இணையத்தில் கிடைக்கும் கார்பன் தடம் (ஒருவரால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடின் அளவு) கணக்கிடும் கருவிகள் பலவும் வீட்டுச் சூடேற்றிக்கு என்ன எரிபொருள், வருடத்துக்கு எத்தனை விமானப் பயணம் என்று கேட்கின்றன. எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இந்தியரின் சராசரி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு, ஜெர்மானியரின் சராசரி 7 டன் அளவில் என்பது முக்கியமான விஷயம்தான், அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அதை முதல் நாளே வைத்தால் ஒரு பக்கம் குற்ற உணர்ச்சி, இன்னொரு பக்கம் பெருமிதம் என்று போய்விடுகிறது. நான்கைந்து மாதம் பழகிய பிறகு பேசினால் நன்றாகப் பேசுகிறார்கள்.

பள்ளியை எங்கே தேடுவது

நாசா உதவியோடு நடக்கும் குளோப் திட்டம் இருக்கிறது, 1994இல் புவி நாளன்று அறிவித்தது, இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன, இந்தியா 2000இல் சேர்ந்தது. மேகம், மழை, மண், மரத்தின் உயரம் என எல்லாவற்றையும் எப்படி அளப்பது என்று விளக்கமான வழிமுறைகளை இலவசமாகத் தருகிறார்கள். கூட்டுப் பள்ளி கிடைக்காவிட்டாலும் அந்த வழிமுறைகளுக்காகவே அதைப் பார்க்கலாம். எக்கோ ஸ்கூல்ஸ் என்பதும் 1994இல் ஐரோப்பாவில் தொடங்கியது, இந்தியாவில் அகமதாபாத்தில் இருக்கும் சுற்றுச்சூழல் கல்வி மையம் அதை நடத்துகிறது. பிள்ளைகள் குழு அமைத்து, பள்ளியை ஆய்வு செய்து, திட்டம் போட்டு, அளந்து பார்ப்பது என்று ஏழு படிகள் வைத்திருக்கிறார்கள், நன்றாக யோசித்து வைத்த வரிசை அது. ஐயர்ன் (iEARN) என்ற அமைப்பு 1988இல் இருந்து வெவ்வேறு நாட்டு வகுப்புகளைக் கூட்டுத் திட்டங்களில் சேர்த்துவிடுகிறது. யுனெஸ்கோவின் கூட்டுப் பள்ளி வலையமைப்பு 1953இல் இருந்து இருக்கிறது, ஆனால் அதில் பள்ளியே உறுப்பினராக வேண்டும், முதல் வருடத்துக்கு அது பெரிய வேலை. பள்ளிகளை இணையம் வழியாகச் சேர்த்துவிடும் ஈ-ட்வின்னிங் பற்றி ஐரோப்பிய ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வார்கள், அது ஐரோப்பாவுக்கும் அதை ஒட்டிய சில நாடுகளுக்கும் மட்டும்தான், நம்மால் பதிவு செய்ய முடியாது.

உண்மையில் எங்களுக்குப் பள்ளி கிடைத்தது இவை எதன் வழியாகவும் இல்லை. எங்கள் பள்ளியில் படித்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன ஒரு பழைய மாணவி, தன் மகள் படிக்கும் பள்ளியில் போய்க் கேட்டார், அவ்வளவுதான். உங்கள் ஊரிலும் சிங்கப்பூரிலோ கனடாவிலோ துபாயிலோ யாராவது இருப்பார்கள். அந்த அக்காவையோ அண்ணனையோ கேளுங்கள்.

முதல் மின்னஞ்சல் சிறியதாக இருக்கட்டும். எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த மொழியில் எவ்வளவு பேசுவார்கள், எதை அளக்கப் போகிறோம், மொத்தம் எத்தனை வாரம், ஆசிரியருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை. இந்த ஆறும் இருந்தால் போதும். கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள், எதிர்ப்பக்கத்து ஆசிரியர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அனுமதி, படம், பணம்

அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரின் வாய்வார்த்தை போதாது. ஒரு பக்கத்தில் திட்டத்தை எழுதி, அவர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். நேரம் ஆகும், அதனால் ஜூன் மாதமே கொடுத்துவிடுங்கள். உங்கள் பள்ளியில் தேசிய பசுமைப் படை இருந்தால் அதன் செயல்பாடாகவே எழுதலாம், வேலை எளிதாகும்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை அனுப்ப வேண்டுமானால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். ஐரோப்பியப் பள்ளிகள் இதில் மிகக் கண்டிப்பு. நம் நாட்டிலும் 2023இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாங்கள் எளிய வழி கண்டுபிடித்தோம், கைகளையும் தராசையும் நோட்டையும் மட்டும் படம் எடுப்பது. வாட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று நீங்கள் சொன்னால் அவர்கள் தயங்கலாம், பள்ளி வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே பல இடங்களில் விதி இருக்கிறது. மின்னஞ்சலே போதும். பிள்ளைகளின் சொந்த எண்களை எந்தக் காரணத்துக்கும் கொடுக்க வேண்டாம்.

பணம் பற்றி ஒரே வார்த்தை: வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து பள்ளிக்கோ உங்களுக்கோ பணம் வருவது சட்டச் சிக்கல், அதைவிட முக்கியமாக, அனுப்புகிறவர் வாங்குகிறவர் என்று ஆகிவிட்டால் பிள்ளைகள் சமமாகப் பேச மாட்டார்கள். அவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள், "உங்கள் பள்ளிக்கு ஏதாவது வேண்டுமா?" என்று. உங்கள் அளவுகளை நேரத்துக்கு அனுப்புங்கள், அதுதான் வேண்டும் என்று நான் எழுதினேன்.

நாட்காட்டியை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்

இதைச் செய்யாததால்தான் பல திட்டங்கள் பாதியில் விழுகின்றன. நமக்கு ஜூனில் பள்ளி, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, தையில் பொங்கல் விடுமுறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜெர்மனியில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும், அக்டோபரில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு தேதியில் இலையுதிர்கால விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை தனி. கழித்துப் பார்த்தால் நவம்பர் முழுவதும், டிசம்பர் முதல் வாரம், பிறகு ஜனவரி கடைசியில் இருந்து பிப்ரவரி முடிய, இவ்வளவுதான் மிச்சம். ஜப்பான் என்றால் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், கணக்கு மாறும். இலங்கை என்றால் நேர வித்தியாசமே இல்லை, பேசவும் தமிழ்ப் பள்ளிகள் கிடைக்கும்.

நேரமும் அப்படித்தான். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். இது தெரியாமல் ஒரு திங்கட்கிழமை ஹைடெக் லேபில் நாற்பது பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நம் மதியம் 2.30 அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை 10 மணி, இரண்டு பக்கமும் வசதி. எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், எப்போதும்.

அளக்கும் வாரம்

இனி முக்கியமான வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், இரண்டு பள்ளியும் அதே வாரம். ஒரு வகுப்பை மட்டும் எடுங்கள், முழுப் பள்ளியும் வேண்டாம். ஐந்து வாளி: மீந்த உணவு, காகிதம், பிளாஸ்டிக், உலோகமும் கண்ணாடியும், மற்றவை. காலி வாளியின் எடையை முதலில் நிறுத்து வாளியிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே குழப்பம் வரும். தராசு இல்லையென்றால் பக்கத்துக் காய்கறிக் கடையில் கேட்டால் அரை மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள், ஆய்வகத்தில் சுருள்வில் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

வருகைப் பதிவையும் தினமும் குறிக்க வேண்டும். மொத்த எடையை மட்டும் அனுப்பினால் ஒப்பிட முடியாது. மொத்தக் கிராமை, அந்தந்த நாள் வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டி வந்த தொகையால் வகுத்துவிடுங்கள். ஐந்து நாளில் 6 கிலோ, தினமும் 40 பேர் என்றால் 6,000ஐ 200ஆல் வகுக்க, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 கிராம். எடையோடு எண்ணிக்கையும் வேண்டும், ஏனென்றால் மிட்டாய் உறை நூறு இருந்தாலும் தராசு அசையாது.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், இதை நன்றாக யோசித்துவிட்டு இறங்குங்கள். குப்பையை யார் தொடுவது? "குப்பை அள்ளவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒரு அம்மா கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நம் பள்ளிகளில் சுத்தம் செய்யும் வேலை யார் தலையில் விழுந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்பே விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லோருக்கும் முறை வர வேண்டும், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல், யாருக்கும் தண்டனையாக இல்லாமல். முதல் நாள் முதல் வாளியில் ஆசிரியர்தான் கையை விட வேண்டும். கையுறையும் இடுக்கியும் கட்டாயம். கழிவறைக் குப்பையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, கண்ணாடித் துண்டு, ஊசி எதுவும் கண்ணில் பட்டால் பிள்ளைகள் ஒதுங்கி உங்களைக் கூப்பிட வேண்டும். ஊராட்சித் தூய்மைக் காவலரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பேச வைத்தோம். எது காயலான் கடைக்குப் போகும், எது போகாது என்று அவர் அரை மணி நேரம் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பரிமாறிக்கொள்வது

எண்களை அனுப்பும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடுங்கள். எங்கள் கணக்கில் எடையில் முதலிடம் மீந்த சோறு, அவர்கள் கணக்கில் ரொட்டி சுற்றி வந்த காகிதம். எங்களிடம் தட்டில் சத்துணவு, அவர்களிடம் வீட்டில் இருந்து வரும் ரொட்டித் துண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் பார்த்தால் யார் நல்லவர் என்ற போட்டியாகிவிடும். அவர்கள் குப்பையில் பிளாஸ்டிக் பாட்டில் ஏன் அவ்வளவு குறைவு என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று பதில் வந்தது. நாங்கள் 2019இல் இருந்து தமிழ்நாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தடையையும் மஞ்சப்பையையும் பற்றி எழுதினோம், தடை இருந்தும் எங்கள் வாளியில் என்ன கிடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினோம். பெருமையை மட்டும் அனுப்பாதீர்கள். வாய்க்காலோரம் குப்பை எரிகிற படத்தையும் அனுப்புங்கள், அப்போதுதான் அவர்களும் உள்ளதைச் சொல்வார்கள்.

எண்ணிக்கையில் எங்களிடம் எதிர்பாராமல் மேலே வந்தது தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா. அங்கே பிள்ளைகள் பலர் மைப் பேனாவில்தான் எழுதப் பழகுகிறார்கள், அது எங்களுக்குப் புதுச் செய்தி. ஆனால் அவர்கள் வாளியில், அந்தப் பேனாவுக்குள் செருகும், மை தீர்ந்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள் குவிந்திருந்தன. எங்கள் வகுப்பில் ஒரு பெண், "எங்க தாத்தா மை பாட்டில்ல இருந்து ஊத்தித்தான் எழுதுவார்" என்றாள், தாத்தாவின் பேனாவையே மறுநாள் கொண்டுவந்து வீடியோவில் மை நிரப்பிக் காட்டினாள். அடுத்த பருவத்தில் இரண்டு வகுப்புக்கும் அதுவே திட்டமானது. ஆளுக்கொரு மை பாட்டில் வேண்டாம், வகுப்புக்கு ஒன்று. இரண்டாவது முறை எண்ணியபோது எங்கள் பேனாக் குப்பை குறைந்திருந்தது, சட்டைப் பைகளில் கறை கூடியிருந்தது, இரண்டையும் அவர்களுக்கு எழுதினோம்.

இப்படி ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே ஐந்து நாள் அளக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். ஒரு முறை அளந்ததோடு விட்டால் கண்காட்சியில் ஒட்ட ஒரு சார்ட் கிடைக்கும், அவ்வளவுதான்.

மொழி

ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்பதுதான் உங்கள் பெரிய கவலை என்றால், நேரடி வீடியோவைக் குறையுங்கள். பருவத்துக்கு இரண்டு முறை போதும். மற்றபடி படம் வரைந்து அனுப்பலாம், தமிழிலேயே ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கீழே ஆங்கில வரிகள் போடலாம். அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். எங்கள் பிள்ளைகள் "குப்பை" என்று சொல்லிக் கொடுத்த நாளில் இருந்து அந்த வகுப்பு தங்கள் வாளியில் தமிழ் எழுத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறது.

பதில் வராவிட்டால்

வராது, சில நேரம். அந்த ஆசிரியர் மாற்றலாகியிருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள், மூன்றாவது வாரம் அந்தப் பள்ளியின் பொது முகவரிக்கு எழுதுங்கள். இதற்காகவே தொடக்கத்திலேயே இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துவைப்பது நல்லது. அதற்குள் உங்கள் அளவெடுப்பை நிறுத்த வேண்டாம். குப்பை நோட்டு உங்கள் பள்ளியுடையது, அவர்கள் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடலாம்.

நீங்கள் மாற்றலாகிப் போனாலும் இதே கதைதான். அதனால் ஒரு தடித்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பள்ளியிலேயே வையுங்கள்: அனுமதிக் கடிதத்தின் நகல், அந்தப் பள்ளியின் முகவரி, அவர்களுடைய விடுமுறைத் தேதிகள், காலி வாளிகளின் எடை, தராசு யார் கடையில் வாங்கியது, கையுறைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைகளில் இரண்டு பேரை, ஜூன் மாதம் புதிய எட்டாம் வகுப்புக்கு வந்து முதல் நாள் வாளியை எப்படி நிறுப்பது என்று காட்டச் சொல்லுங்கள்.